சிரிக்கக் கூடாத ஞாயிற்றுக்கிழமை

வாடகை வீடு பார்க்கப் போகும்போது முகத்தை உம்மென்று வைத்துக்கொள்வதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. போன மாதம்கூட ஏஜண்ட் ஒருவர் சமையலறையைக் காட்டி, "நல்லா இருக்குல்ல?" என்று பெருமையாகக் கேட்டார். நான் மூக்கைச் சுளித்து, குழாயைத் திறந்து மூடிவிட்டு, வாயைத் திறக்காமல் நின்றேன். உள்ளுக்குள் அந்த வீடு எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. இந்தப் பாடத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அம்மா. அப்போது எனக்கு ஒன்பது வயது. முதல் பரீட்சையில் நான் மோசமாகத் தோற்றேன்.

புக்கிட் பாத்தோக்கில் பன்னிரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்தோம். அப்பா, அம்மா, நான், ஒரு வயதுத் தம்பி. சொந்த வீட்டுக்கு அப்பா இரண்டு முறை விண்ணப்பித்தும் அரசாங்க வீட்டுக் குலுக்கலில் எங்கள் எண் விழவில்லை. வாடகையோ எல்லா இடத்திலும் ஏறிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு நண்பர் வீட்டைக் காலி செய்த செய்தி இல்லாமல் அப்பா வேலையிலிருந்து திரும்பியதே இல்லை. வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் ஆண்டின் நடுவில் ஒரு நாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வாடகை கட்ட முடியாமல் வேறு எங்கோ போய்விட்டார்களாம். அவனுடைய அழிப்பான் மேசைக்குள்ளேயே கிடந்தது. 

எங்கள் ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போது வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பேசுவதாகச் சொன்னார்.

யாராவது வருகிறார்கள் என்றால் தரையை முகம் தெரியும்படி துடைக்கும் அம்மா, அன்று எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தாள். பூந்தொட்டிகள் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போயின. குளியலறைக் கூரையிலிருந்து எப்போதாவது இரண்டு சொட்டு விழும் இடத்தில் இருப்பதிலேயே பெரிய வாளி வந்து உட்கார்ந்தது. "வீடு நமக்குப் புடிச்சிருக்குன்னு தெரிஞ்சா வாடகைய ஏத்திடுவாரு. அவரு போற வரைக்கும் சிரிக்கக் கூடாது, தெரியுதா?" என்று என்னை எச்சரித்தாள். தம்பிக்கு எந்தப் பயிற்சியும் தேவைப்படவில்லை. புது முகத்தைப் பார்த்தால் தானாகவே அழுவான்.

வீட்டுக்காரருக்கு எழுபது வயது இருக்கும். மனைவி இறந்தபின் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, சுவா சூ காங்கில் மகள் வீட்டோடு இருந்தார். தேக்கா சந்தையில் வாங்கிய முறுக்குப் பொட்டலத்தோடு வந்து, தன் சொந்த வீட்டின் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அப்பா மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார்: குளியலறை ஒழுகல், எம்ஆர்டி ரயில் சத்தம், பிற்பகல் வெயில், மேல்வீட்டு உரல் இடி. ஒவ்வொன்றுக்கும் அவர், "ஆமா லா, அது எப்பவும் இருக்கறதுதான்" என்று தலையாட்டினார். அப்பா நிறுத்தவில்லை.  இவ்வளவு குறை சொன்னால், அப்படியானால் கிளம்புங்கள் என்று சொல்லிவிட மாட்டாரா? நாளைக்கு என் மேசைக்குள் என் அழிப்பான் கிடக்குமா?

அந்த நேரம் பார்த்து அவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு பாப்பா, ஒனக்கு இங்க என்ன கஷ்டம்?"

"ஒரு கஷ்டமும் இல்ல தாத்தா!" என்று கத்தியேவிட்டேன். "சாயங்காலம் ரூம் ஜன்னலத் தொறந்தா காத்து சும்மா அப்பிடி வரும். மழ வர்றது மலைப் பக்கம் மொதல்லயே தெரியும். கிச்சன் ஜன்னலுக்கு ரெண்டு மைனா வரும். நாங்க இங்க ரொம்ப ஹேப்பி தாத்தா. எங்கள அனுப்பிடாதீங்க."

அம்மா தேநீர்த் தட்டோடு அப்படியே நின்றாள். அப்பா வாளி இருந்த திசையைப் பார்த்தார். வீட்டுக்காரர் எழுந்து அறைக்குள் போய் ஜன்னலைத் திறந்தார். வெகுநேரம் அங்கேயே நின்றார். திரும்பி வந்தபோது வாடகையைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை. புதன்கிழமை போன் செய்வதாகச் சொல்லிவிட்டு, தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

"ஏஜண்டே தேவையில்ல. ஒம் பொண்ணே வெலய ஏத்திட்டா" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை போன் வந்தது. வாடகையை அவர் ஏற்றவில்லை. வீட்டையே கேட்டார். ஒப்பந்தம் முடிந்ததும் தானே வந்து தங்கப்போவதாகச் சொன்னார். அம்மா அந்த வாரம் முழுக்க அழுதாள். என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு பல ஆண்டுகள், எந்த இடம் எப்படி இருக்கிறது என்று யார் கேட்டாலும், "ஓக்கே லா" என்பதற்கு மேல் நான் பேசியதில்லை.

எங்கள் சம்பளத்துக்குக் கிடைத்தது ஜாலான் புசாரில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் ஒற்றை அறை. காலி செய்த அன்று, சாமான்களை ஏற்றிய லாரியில் அப்பா கீழே காத்திருக்க, சாவி வாங்க வீட்டுக்காரர் வந்தார். கையில் ஒரு பெட்டி, தோளில் சுருட்டிய மெத்தை.

"மக வீட்டுல கட்டில் இல்லயா அங்கிள்?" என்று அம்மா வெடுக்கென்று கேட்டாள்.

"ஆறு பேரும்மா அங்க. நான் ஹால்லதான் படுப்பேன். புள்ளைங்க படிச்சு முடிச்சு லைட்ட அணைச்சாத்தான் மெத்தய விரிக்க முடியும். வாடகப் பணம் அவங்களுக்கு ஒதவியா இருந்துச்சு, அதான் எட்டு வருஷம் ஒண்ணும் பேசல." அவர் என்னைப் பார்த்தார். "பாப்பா சொன்னதக் கேட்டதும் மனசு தாங்கல. மன்னிச்சிரும்மா."

அம்மா கையிலிருந்த பையைத் தரையில் வைத்து, அதிலிருந்து ஒரு சின்னப் பாத்திரத்தையும் ஒரு பாக்கெட் பாலையும் எடுத்தாள். புது இடத்தில் முதலில் காய்ச்ச வேண்டும் என்று முந்தின நாளே வாங்கிவைத்திருந்த பால் அது. அடுப்பைப் பற்றவைத்தாள். கீழே லாரி ஹாரன் அடித்தது. பால் நுரைத்துப் பொங்கி வழியும்வரை அவள் நகரவில்லை. முதல் டம்ளரை அவரிடம் கொடுத்து, "நல்லா இருங்க அங்கிள்" என்றாள். அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு நீட்டியதை நான் வாங்கவில்லை. எங்கள் வீட்டைப் பிடுங்கிக்கொண்டவருக்கு எங்கள் பாலா என்று ஆத்திரமாக வந்தது.

ஜாலான் புசார் வீட்டுக்காரம்மா, அறையில் சமைக்கவே கூடாது என்று அன்று காலை அம்மாவிடம் போனில் சொல்லியிருக்கிறார். அங்கே அடுப்பு வைக்க இடமே இல்லை என்று அன்று சாயங்காலம் எனக்கும் தெரிந்தது. அப்போதும்கூட, அம்மா நம் பாலை யாருக்கோ கொடுத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.