மீன் ஆகாத வீட்டு நாய்

நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் மாமனாருக்கு உயிர் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று தறி, இன்னொன்று நாய். நாய்க்கு வயிறு உப்பியபோது நன்றாகத் தேறிவிட்டதென்று பெருமைப்பட்டார். முதுகெலும்பு துருத்தத் தொடங்கியதும்தான் எங்களுக்குப் பயம் வந்தது. பேதியும் நிற்கவில்லை. சத்துக் குறைவாக்கும் என்று பாலும் முட்டையுமாக ஊட்டினார். ஊட்ட ஊட்ட வயிறு இன்னும் பெருத்தது.

சைக்கிள் ரிக்‌ஷாவில் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். டாக்டர் மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் பிடித்துக் காய்ச்சிப் பார்த்தார். சத்து மூத்திரத்தில் இறங்கியிருந்தால் பால்போலத் திரியுமாம். அது திரியவில்லை.

"கிட்னி நல்லாத்தான் இருக்குது. குடல்லதான் கோளாறு. உடம்புல ஒட்ட வேண்டிய புரதச் சத்து ஒழுகிப் போவுது. அதான் வயித்துல தண்ணி கோத்துக்கினு இருக்குது. தின்ற தீனியே ஒத்துக்கல போல. இதுவரைக்கும் வாயில வெக்காதது எதுனா பார்த்துக் குடுங்க, கூட சோறு மட்டும். அதுக்கும் கேக்கலைன்னா கஷ்டம்பா."

தெருவே ஊட்டி வளர்த்த நாய் அது. ஆட்டுக்கறி, கோழி, தயிர், கோயில் பொங்கல் எதையும் விட்டுவைக்கவில்லை. மிஞ்சியது மீன் ஒன்றுதான். அதுவோ எங்கள் வீட்டுக்குள் வரக்கூடாது, நாய்க்கும் யாரும் போடக்கூடாது. தறியிலிருக்கும் பட்டில் வாடை ஏறிவிடும், கல்யாணப் புடவையை முகர்ந்து பார்த்தால் மானம் போய்விடும் என்பது மாமனார் போட்ட சட்டம். பாலாற்றங்கரையில் பிறந்த நானே வந்த நாளிலிருந்து வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"இப்போ இன்னா மாமா பண்றது?" என்றேன்.

"வாடை வந்தா வரட்டும்மா. நீ ஆக்கித் தா," என்றார்.

தினமும் அவரே ஏரி மீன் வாங்கி வந்தார். கொல்லையில் அடுப்பு மூட்டி, உப்பு காரம் இல்லாமல் வேகவைத்து, முள் எடுத்துச் சோற்றில் பிசைந்து வைத்தேன். எனக்கு இல்லாத மீன் நாய்க்கா என்று கொஞ்சம் வயிறெரிந்தது உண்மைதான். ஆனாலும் பாவம் பார்த்து ஒரு வாய் போட வந்த அக்கம்பக்கத்தார் மேல் நான்தான் எரிந்து விழுந்தேன்.

முதலில் பேதி நின்றது. பிறகு வயிறு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இனிமே ஆயுசுக்கும் இதே தீனிதான்."

மாமனார் தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன். தீனியைப் பற்றி டாக்டர் என்னவோ சொல்லிக்கொண்டே போனார். எங்கள் காதில் விழுந்தது ஆயுசு என்ற சொல் மட்டும்தான்.