அவர் சாப்பிடாமல் எழும்பி வந்த சஹன்

உங்கள் எல்லோருக்கும் என் சலாம். நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவள். எழுத்தில் பிழை இருக்கும், மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். பெண்கள் மஜ்லிஸ் கூட்டத்தில் எழும்பி, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். நாலு பேர் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் அடைத்துவிடும். அதனால் எழுதித் தருகிறேன்.

என் வீட்டுக்காரருக்கு, அதாவது என் பிள்ளைகளின் வாப்பாவுக்கு, ஐந்து கூட்டாளிகள் இருந்தார்கள். எல்லோருக்கும் நாவிதன்வெளிப் பக்கம் அடுத்தடுத்த வயல். கலியாணமோ கந்தூரி விருந்தோ, ஆறு பேரும் ஒரே சஹனை, அந்தப் பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றித்தான் உட்காருவார்கள். இறைச்சியின் கொழுப்புத் துண்டை ஒருவர் மற்றவர் பக்கம் தள்ளிவிடுவார்கள். அது அவர்களின் அன்பு.

பிறகு அவர்களில் நாலு பேர் ஒவ்வொருவராக மௌத்தாகி மண்ணுக்குள் போனார்கள். முதலில் போனவர் ஓயாமல் சிகரெட் குடித்தவர். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரம்பில் குந்தியவர் எழும்பவில்லை. அடுத்தவர், "தலச்சுத்தே இல்ல, குளிசை என்னத்துக்கு?" என்று பிரஷர் மருந்தை விட்டவர். இன்னொருவருக்குச் சீனி வியாதி, காலில் புண் என்று போய் இருதயத்தில் முடிந்தது. நாலாமவர் பருத்த ஆள், சிரித்த முகம். அவருக்கு இருதய வருத்தம் இருந்ததே போன பிறகுதான் தெரியும்.

என்னுடையவருக்குச் சிகரெட், பிரஷர், சீனி மூன்றுமே இருந்தன. கிளினிக்குக்குப் போகச் சொன்னால், "மௌத்து எழுதின நேரத்துக்குத்தான் வரும், டொக்டர் மாத்துவாரா?" என்பார். சோற்றைக் குறைத்து வைத்தால், "என்ன புள்ள, பூனைக்கா வெச்சிரிக்காய்?" என்று சிரிப்பார்.

பகல் சாப்பிட்டு அவர் கண் அயர்ந்தால், மூச்சு வருகிறதா என்று மூக்கருகே கையை வைத்துப் பார்ப்பேன். அஸர் தொழுத பாயிலேயே இருந்து அழுவேன். "யா அல்லாஹ், நான் சொன்னால் இவர் கேட்கிறார் இல்லை. இவர் கேட்கிற ஒரு வாயால் நீ சொல்ல வை." தினமும் இதே துஆதான். அந்த வாய் மௌலவியின் வாயாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

மருதமுனையில் என் கூடப்பிறந்த காக்காவின் பேத்திக்குக் கலியாணம் வந்தது. ஆண்கள் பக்கம் இவரும், மிஞ்சியிருந்த ஒரே கூட்டாளி ஆதம்பாவாக் காக்காவும் கை கழுவி உட்கார்ந்தார்கள். ஆறு பேர் சேர்ந்தால்தான் சஹன் வைப்பார்கள். வைக்க வந்தவர் கேட்டாராம்: "ரெண்டு பேர்தானே இரிக்கீங்க காக்கா, மத்த நாலு பேரும் எங்க?"

ஆதம்பாவாக் காக்கா எப்போதும் பகிடிக்காரர். "அவங்க மையவாடில மண்ணுக்குள்ள படுத்திரிக்காங்க தம்பி. கொஞ்சம் பொறு, நாங்க ரெண்டு பேரும் அங்க போய்ச் சேர்ந்தா சஹன் சரி!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. கழுவின கை ஈரம் காயாமலே எழும்பி, பெண்கள் பக்கம் வந்து என்னைக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

"நெஞ்சு நோவுதா?"

"இல்ல புள்ள. கிளினிக் எண்டைக்கு? நீயும் வாறியா? எனக்குத் தனியப் போக வெக்கமா இரிக்கி."

கலியாண வீடு என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

கிளினிக்கில் எங்கள் மகள் வயதில் இருந்த டொக்டர் பிள்ளை பொறுமையாக விளங்கப்படுத்தினா. சிகரெட், பிரஷர், சீனி, கொழுப்பு, வயிறு பருப்பது, ஒவ்வொன்றும் ஆண்களை நேரத்தோடு கொண்டுபோகக் கூடியது. ஒரே உடம்பில் இரண்டு மூன்று சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். நோவு இல்லாமலே உள்ளே வளரும். இவர் தன் பழைய கதையை எடுத்தார்: "மௌத்து எழுதினதுதானே மகள்?"

"ஓம் வாப்பா. மருந்தையும் அவன்தானே தந்திரிக்கான்?"

இவர் சட்டைக் கையைச் சுருட்டி, பிரஷர் பார்க்கக் கையை நீட்டினார்.

சிகரெட்டை விடுவது லேசாக இருக்கவில்லை. விட்டார், திரும்பக் குடித்தார், என்னில் எரிந்து விழுந்தார், கராம்பை மென்றுகொண்டு மறுபடி விட்டார். இப்போது வீட்டில் அந்த மணமே இல்லை. குளிசையைத் தவறாமல் போடுகிறார். பிரஷர் அடங்கியிருக்கிறது. சீனி இன்னும் ஏறி இறங்குகிறது, கவனமாக இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

போன கந்தூரியில், மௌத்தான நாலு பேரின் மகன்மாரையும் இவர் தேடிப் பிடித்துத் தன் சஹனில் இருத்தினாராம். சோற்றில் கை வைக்குமுன் ஒவ்வொருவரிடமும், "பிரஷர் பாத்தியா? சிகரெட் குடிக்கியா?" என்று கேட்டாராம். "இது கந்தூரியா கிளினிக்கா மச்சான்?" என்றாராம் ஆதம்பாவாக் காக்கா. அன்று கொழுப்புத் துண்டு ஒருவர் பக்கமும் போகாமல் சஹனின் ஓரத்திலேயே கிடந்ததாம்.

சகோதரிகளே, துஆவைக் கைவிடாதீர்கள். எந்த வாயால் பதில் வரும் என்று நமக்குத் தெரியாது. பதில் வந்த அன்றே கையைப் பிடித்துக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

டொக்டர் பிள்ளை சொன்னதை என் காதில் விழுந்தபடி எழுதினேன். நோய் வருத்தங்களைப் பற்றி மாற்றி எழுதியிருந்தால், படித்த யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். இவரிடம் கேட்கலாம் என்று பார்த்தால், ஆதம்பாவாக் காக்காவையும் இழுத்துக்கொண்டு கடற்கரையில் நடக்கப் போய்விட்டார்.