ராகு காலத்தில் அடித்த பெயின்ட்

எங்கள் கராஜுக்கு அந்த பிக்கப் டிரக் வந்தது என் கணவரின் ஆசையால். அங்கேயே கிடந்தது அவருடைய சோம்பலால். டெக்சாஸில், ஆலனில் நாங்கள் குடியேறிய புதிதில், ஆபீஸ் நண்பர் ஒருவரோடு சேர்ந்து ஐம்பதுகளில் செய்த அந்த வண்டியை இழுத்து வந்தார். அதை ஹாட் ராட் ஆக்கப் போகிறார்களாம். அதாவது, பழைய வண்டியைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, பெரிய என்ஜின் போட்டு, பின்னால் அகல டயர் மாட்டி, பளபளவென்று பெயின்ட் அடித்து ஊரைத் திரும்பிப் பார்க்க வைப்பது. என்ஜின் போடும்வரை இரண்டு பேரும் குதித்தார்கள். பிறகு நண்பர் வேலை மாறி நியூ ஜெர்ஸி போனார். இவருடைய உற்சாகமும் அதே விமானத்தில் ஏறிப் போய்விட்டது.

நான் அப்போது வேலை பார்க்க அனுமதியில்லாத டிபெண்டென்ட் விசாவில் இருந்தேன். கரூரில் பஸ் பாடி கட்டும் கம்பெனியில் சூப்பர்வைசராக ஆட்களை விரட்டி வேலை வாங்கியவள், இங்கே மைக்ரோவேவ் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். விருந்துகளில் யாராவது, "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டால் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் அந்த எரிச்சலோடு கராஜுக்குள் போய், சக்கரத்துக்கு மேலிருந்த துருப்பிடித்த ஃபெண்டரைத் தேய்க்க ஆரம்பித்தேன்.

தேய்க்கத் தேய்க்க மனசு லேசானது. டிங்கரிங் செய்தேன், பட்டி பார்த்தேன், வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்தேன். கரூரில் இதையெல்லாம் பக்கத்தில் நின்று குறை சொல்லியிருக்கிறேனே தவிர, ஸ்ப்ரே கன்னைக் கையில் பிடித்ததில்லை. அதற்காக கம்யூனிட்டி காலேஜில் சனிக்கிழமை வகுப்புக்குப் போனேன். அங்கே நான் ஒருத்திதான் பெண். அது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

எல்லாம் முடிந்து பெயின்ட்தான் பாக்கி என்ற நேரத்தில் என் கணவர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். அடுத்த மாதம் அவருடைய அப்பா அம்மா கோபியிலிருந்து வருகிறார்கள்.

"பெயின்ட் நல்லா வந்தா வண்டி இருக்கட்டும். இல்லேன்னா ஜங்க்யார்டுக்குக் கால் பண்ணி எடுத்துட்டுப் போகச் சொல்லிடுவேன். அவங்க வர்றப்போ கராஜ் க்ளீனா இருக்கணும்."

அவருக்கு அது கராஜ் பிரச்சினை. எனக்கோ, இந்த நாட்டுக்கு வந்த பிறகு என் கையால் உருவான ஒரே பொருள் அது. அதுவும் குப்பைக்குப் போனால் மறுபடி கண்ணாடி துடைக்கப் போக வேண்டியதுதான் என்று பயந்தேன்.

அவரும் ஒரேயடியாகக் கல்நெஞ்சர் இல்லை. அம்மாவுக்கு, அதாவது என் அத்தைக்கு, போன் போட்டு, பெயின்ட் அடிக்க நல்ல நேரம் கேட்டார். அத்தை தினசரி காலண்டரைப் பார்த்து, வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே காலுக்குத் தொடங்கி பத்தேகாலுக்குள் முடிக்கச் சொன்னார்.

"ஏங்க, அது கோபி டைம். நமக்கு எப்படிப் பொருந்தும்?"

"லோக்கல் டைம் ஃபாலோ பண்ணிக்கலாம். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

வெள்ளிக்கிழமை அவர் லீவு போட்டார். விடியும்வரை மழை. கராஜ் தரை வியர்த்திருந்தது. "காத்து ஈரமா இருக்கு, சீக்கிரம் காயற லாக்கர் பெயின்ட்டுக்கு ஆகாது" என்றேன். "நேரம் போயிடும், நீ ஆரம்பி" என்றார். அம்மா குறித்த நேரம் ஆயிற்றே. அடித்தேன். கடைசி கோட் முடித்து, மாஸ்க்கை இறக்கிவிட்டுப் பார்த்தால், அரக்குச் சிவப்பில் மின்ன வேண்டிய பானெட் முழுக்க, மோர் ஊற்றியதுபோல வெள்ளையாகப் பூத்திருந்தது. கதவுகளிலும் அதே கதை.

அவர் வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஜங்க்யார்டு பேச்சை எடுத்திருந்தால் ஸ்ப்ரே கன்னை அவர் மேலேயே திருப்பியிருப்பேன். நல்லவேளை, எடுக்கவில்லை.

மேற்பரப்பில் சிக்கிய ஈரம்தான் இப்படி வெளுக்கும், காற்று காய்ந்ததும் மெதுவாக உலரும் தின்னரை மெல்லிசாக அடித்தால் தெளிந்துவிடலாம் என்று வகுப்பில் கேட்டிருந்தேன். கண்ணால் பார்த்ததில்லை. பதினோரு மணிக்கு வெயில் சுள்ளென்று வந்தது. மத்தியானம் மறுபடி மழை என்று டி.வி.யில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் தின்னரை ஊற்றினேன்.

"இப்ப ராகு காலம்மா. பன்னெண்டு வரைக்கும் வெயிட் பண்ணலாமே?"

"மழை வெயிட் பண்ணுமா? தள்ளுங்க."

தள்ளி நின்றார். ஃபெண்டர் ஓரத்தில் ஒரு பட்டை அடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. பிறகு வெள்ளை மெல்லக் கரைய, அடியிலிருந்து சிவப்பு எழுந்து வந்தது. ஈரமான, ஆழமான சிவப்பு. பானெட், கதவு, பின்பெட்டி என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தேன். முடித்ததும் டிரைவ்வேயில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். சுமையை இறக்கி வைத்த அழுகை. எவ்வளவு நிம்மதி!

அத்தை தூங்காமல் காத்திருப்பார் என்று அவர் போன் போட்டார். ஸ்பீக்கரில் அத்தையின் குரல் கராஜ்வரை கேட்டது.

"நல்லபடியா முடிஞ்சுதா கண்ணு? பெயின்ட் அடிச்சவருக்கு வெத்தலை பாக்கு வெச்சுக் குடுத்தியா? வேலை செஞ்ச கையைச் சும்மா அனுப்பக் கூடாது."

பெயின்டர் யாரென்று அவர் அம்மாவிடம் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உங்க மருமகதாம்மா அடிச்சா. முழு வண்டியும் அவ செஞ்சது."

"அப்ப அவளுக்குக் குடு" என்றார் அத்தை, யோசிக்காமல்.

ஆலனில் வெற்றிலைக்கு எங்கே போவது? என் கணவர் இரண்டு வாழைப்பழமும் ஒரு ஆப்பிளும் தட்டில் வைத்து, அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார். நான் எழுந்து, பெயின்ட் படிந்த கையை பேன்ட்டில் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.