புதிய பதிப்பும் பழைய பேனரும்

மலேசியாவில், மலாக்கா பக்கத்து மெர்லிமாவில் நான் டைப்பிங் கடை வைத்திருந்த தொண்ணூறுகளில், எஸ்டேட் கோயில் திருவிழா என்றால் பேனருக்கு என்னிடம்தான் வருவார்கள். இரு ஓரமும் ஓட்டை போட்ட நீளத் தாளில், வாசல் அகலத்துக்கு 'வருக வருக' என்று என் கம்ப்யூட்டர் ஒரே மூச்சில் அடித்துத் தரும்.

மலாக்காவில் சாஃப்ட்வேர் விற்கும் தம்பி ஒருவன் வந்து, பேனர் அடிக்கும் அந்த சாஃப்ட்வேரின் புதிய பதிப்பை என் கம்ப்யூட்டரில் போட்டான். போகும்போது பழைய டிஸ்க்குகளை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டான். அந்த அக்கறை எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. மறுநாள் பார்த்தால் பேனர் அடிக்கும் வசதியையே காணோம். ஒவ்வொரு பக்கமாக அடித்து, நானே கோந்து போட்டு ஒட்டிக்கொள்ள வேண்டுமாம்.

போன் செய்தேன். "பேனரெல்லாம் இப்ப யாரு அக்கா அடிக்கிறாங்க? பழைய ஸ்டைல் லா அது," என்றான்.

யாரும் அடிக்காததை எதற்கு மெனக்கெட்டு நீக்கினார்கள்? பஸ் ஏறி அவன் கடைக்கே போனேன்.

"என் பழைய டிஸ்க்கைக் கொடு தம்பி."

"அதெல்லாம் அன்னைக்கே குப்பையில போட்டாச்சுக்கா."

நான் அவன் தலைக்கு மேலே பார்த்தேன். சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை, ஓட்டை போட்ட ஓரத்தைக்கூடக் கிழிக்காமல், ஒரே தாளாக ஒரு பேனர் தொங்கியது: 'புதிய பதிப்பு வந்துவிட்டது.'