நாச்சாரம் சுவரில் ஜெயாவின் புடவை

சுவரோவியம் பார்க்க வேண்டும் என்றால் ஹைதராபாத்தில் எல்லோரும் பாலத்துத் தூண்களைத்தான் காட்டுகிறார்கள். எனக்கு நாச்சாரத்தில் ஒரு தொழிற்சாலையின் பின்சுவரைப் பார்க்க ஆசை. தோழி அனுப்பிய படத்தில், தூக்குச்சட்டியோடு வேலைக்குப் போகும் பெண்கள் ஆளுயரத்துக்கு நின்றார்கள். போன சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

பேகம்பேட்டிலிருந்து ஹப்சிகுடாவரை மெட்ரோ. பிறகு மூன்று கிலோமீட்டர் ஆட்டோ, எண்பது ரூபாய். அதுவும் பேரம் பேசித்தான்.

போய் இறங்கினால், ஒருவர் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறார்! முதல் பெண் முழுக்கக் காணோம். மற்ற படங்களை மறைத்துத் தெருப்பெண்கள் நாற்காலி போட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஜெயா, செகந்திராபாத் தமிழ்க் குடும்பம், எதிரே டிபன் கடை வைத்திருப்பவர். சுவரில் இருப்பவர்கள் இந்தப் பெண்களேதான்; அழிந்தது, தோழி அனுப்பிய படத்தில் பச்சைப் புடவையில் நின்ற ஜெயாவின் உருவம்.

படம் பார்க்க வருகிறவர்கள் தொழிற்சாலையின் பின்வாசலில் வண்டியை நிறுத்துவதால் லாரி நுழைய முடியவில்லையாம். "எங்கள் சுவர், அழிப்போம்" என்று தெலுங்கில் கத்தினார் தொழிற்சாலை மேனேஜர். ஜெயா தெலுங்கிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஹைதராபாத் உருது கலந்த தமிழில் என்னிடம் பொரிந்தார்.

"இங்க குப்பை மலையா கெடந்துச்சு சார். அப்ப இது எங்க சுவருன்னு ஒருத்தரும் வரல. நாங்கதான் அள்ளினோம். வண்டி தொந்தரவுன்னா வண்டிய தள்ளி நிறுத்தச் சொல்றோம். படத்த கைக்கு, எதுக்கு அழிக்கணும்? நக்கோ, வேணாம்!"

ஓவியர் கோடு மட்டும்தான் போட்டாராம். அவரவர் புடவைக்கு அவரவரே வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். படம் வந்த பிறகு ஆட்கள் வந்தார்கள், தெருவிளக்கு வந்தது, இரண்டாம் ஷிப்ட் பெண்கள் பயமில்லாமல் இந்த வழியாகத் திரும்புகிறார்கள். சுவர் யாருக்குச் சொந்தம் என்று நீங்கள் சட்டம் பேசுங்கள். நான் நாற்காலிகளின் பக்கம்.

யாரும் எழுந்திருக்கவில்லை. வெள்ளையடிப்பவர் வாளியை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். திங்கட்கிழமை பார்த்துக்கொள்கிறேன் என்று மேனேஜரும் உள்ளே போய்விட்டார். "வரட்டும், அன்னைக்கும் இங்கதான் உக்காந்திருப்போம்" என்றார் ஜெயா.

போகிறவர்களுக்கு: வண்டியை மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து போங்கள். வாசலை மறித்து, அழிப்பதற்குச் சாக்குக் கொடுக்காதீர்கள். ஜெயா கடையில் பெசரட்டு என்கிற பச்சைப்பயறு தோசை நாற்பது ரூபாய், காலையில் மட்டும் கிடைக்கும்.

கிளம்பும்போது சுவரில் வெள்ளை இன்னும் காயவில்லை. "மறுபடி அதே பச்சைப் புடவைதானா?" என்று கேட்டேன்.

"பச்சையா? இந்த வாட்டி நல்ல செவப்பு சார். மேனேஜர் ரூம்லேர்ந்தே தெரியணும்."