சட்டைப் பையில் ஃபியூஸ் கட்டை

போன வருஷம் பிப்ரவரி மாதம், டெல்லி ஜங்புராவில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் நடந்தது இது. நான் பள்ளிக்கூடம் போகாதவன். நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரி எழுதுகிறாள். அவள் எட்டாவது வரை படித்தவள். என்னைப் பற்றி இதில் திட்டு ஏதாவது கூடுதலாக இருந்தால் அது அவள் சேர்த்தது.

முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் அடித்த கூத்து விளங்காது. கோல் மார்க்கெட் பக்கம் சர்க்கார் குவார்ட்டர்ஸுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் ஹவுஸில் நாற்பத்தோரு வருஷம் இருந்தேன். விழுப்புரம் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் மாமாவோடு ரயிலேறி வந்தவன். எழுதப் படிக்கத் தெரியாதவனை எப்படிச் சேர்ப்பது என்று ஃபோர்மேன் சர்தார்ஜி யோசித்தார். ஒரு ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற மோட்டார் மேல் வைத்து, பிடியை என் காதில் வைத்தார். என்ன கேட்கிறது என்று கையால் கேட்டார். எனக்கு அப்போது ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. என் பல்லை நறநறவென்று கடித்துக் காட்டினேன். கழற்றிப் பார்த்தால் உள்ளே பேரிங் உடைந்திருந்தது. அன்றைக்கே வேலை.

அவர் இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். மோட்டாரில் கை வைக்கும் முன் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி உன் சட்டைப் பையில் போட்டுக்கொள், பிடுங்கியவன்தான் திரும்பப் போட வேண்டும் என்றார். பையில் கட்டை இருக்கும்வரை யாரும் தெரியாமல் கரண்ட் கொடுத்து நம்மைக் கொல்ல முடியாது. அந்தப் பழக்கத்தால்தான் இன்றைக்கு இதைச் சொல்ல உயிரோடு இருக்கிறேன்.

காலையிலும் தண்ணீர், சாயந்திரமும் தண்ணீர். வீட்டுக்காரியை ஒரு படத்துக்குக் கூட்டிப்போனதில்லை. ரிட்டயர் ஆகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து, போன பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனேன். தமிழ்ப் படம் டெல்லிக்கு வந்தால் ஒரு தியேட்டரில் ஒரு காட்சி, வியாழக்கிழமையோடு சரி. வெள்ளிக்கிழமை தேடினால் இருக்காது.

காதல் படம், ஆனால் சிரிப்புப் படம். கதாநாயகி பல் டாக்டர். கதாநாயகனுக்குப் பல் எல்லாம் முத்து மாதிரி. அவளைப் பார்க்க வேண்டும் என்பதற்காக வலி வலி என்று வந்து உட்கார்ந்து, இடைவேளைக்குள் மூன்று நல்ல பல்லைப் பிடுங்கிக்கொள்கிறான். வீட்டுக்காரி சிரித்த சிரிப்பில் பக்கத்து சீட்டுக்காரர் பாப்கார்ன் கொட்டியது. எனக்குப் படம் ஏறவில்லை. தலைக்கு மேலே ஏசி ஃபேனில் பெல்ட் கீச், கீச் என்று கத்திக்கொண்டிருந்தது. அறுந்தால் என்ன ஆவது? கிளைமாக்ஸ் வந்தது. நாலாவது பல்லுக்காக நாற்காலியில் படுத்தபடி அவன் மனதைச் சொல்லப் போகிறான். அந்த நேரம் பார்த்து எழுந்து போய், தியேட்டர் ஆள் ஒருவனை டார்ச்சோடு கூட்டி வந்துவிட்டேன். அவன் வெளிச்சத்தை மேலே அடிக்காமல் ஜனங்கள் முகத்தில் அடித்தான். "பைட்டோ அங்கிள்!" என்று, உட்காரச் சொல்லி நாலு பக்கமும் கத்தல். எல்லாம் அடங்குவதற்குள் படம் முடிந்து விளக்குப் போட்டுவிட்டார்கள்.

மெட்ரோவில் அவள் ஒரே வார்த்தைதான் பேசினாள். "இனிமே உங்களோட நான் படத்துக்கு வந்தேன்னா என் பேரை மாத்திக்கிறேன்." அதற்குப் பிறகு பேச்சே இல்லை. திங்கள், செவ்வாய், புதன். தட்டு வைக்கும் சத்தம் மட்டும்தான். திட்டினால் தாங்கலாம், இது தாங்க முடியவில்லை. வியாழக்கிழமை கடைசிக் காட்சிக்கு எப்படியாவது சம்மதிக்க வைத்துக் கூட்டிப்போக வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தேன். வாய் வரவில்லை.

புதன்கிழமை சாயந்திரம் ஆறு மணி இருக்கும். மாடியிலிருந்து ஒரு சத்தம். ம்ம்ம் என்று ஒரே இழுப்பு, கொஞ்சம் ஏறுகிறது, கொஞ்சம் இறங்குகிறது, நிற்க மாட்டேன் என்கிறது. தண்ணீர் இல்லாமல் ஓடுகிற மோட்டார் இப்படித்தான் முனகும். மொட்டை மாடியில்தான் எங்கள் மூன்று வீட்டுக்கும் பொதுவான மோட்டார் இருக்கிறது. அதை ஒட்டிய ஒற்றை அறையில் ஒரு பையன் குடியிருக்கிறான். கம்ப்யூட்டர் வேலை. அம்மா திருநெல்வேலி, இங்கே நர்ஸாக வந்தவர். பையன் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்ததால் தமிழைத் தடுக்கித் தடுக்கித்தான் பேசுவான்.

பழைய வீடு, இன்னும் ஃபியூஸ் கட்டைதான். மாடிப்படிக்குக் கீழே இருந்த மெயின் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டேன். வீடே இருட்டானது. சத்தமும் நின்றது. பார்த்தாயா, மோட்டார்தான் என்று நினைத்துக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரோடு மூன்று மாடி ஏறினேன். மோட்டாரைத் தொட்டால் ஐஸ் மாதிரி இருக்கிறது.

அறைக் கதவு திறந்திருந்தது. பையனும் ஒரு பஞ்சாபிப் பெண்ணும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து என்னைப் பேயைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

"பேட்டா, மோட்டார் எரிய இருந்துச்சு. நல்ல வேளை எனக்குக் கேட்டுச்சு."

"அங்கிள், மோட்டார் போடவே இல்ல. டேங்க் ஃபுல்."

"அப்ப அந்தச் சத்தம்?"

"வோ... அது பாட்டு அங்கிள்."

"பாட்டா? யாரு பாடறது?"

"யாரும் பாடல."

"மேளம்?"

"அதும் இல்ல."

"சரி, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

"ஆரம்பிச்சு இருவது நிமிஷம் ஆச்சு அங்கிள்."

அந்தப் பெண் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். பையன் ஒரு பெரிய இசைத்தட்டைக் காட்டினான். நாற்பது வருஷத்துக்கு முன்னால் எங்கோ ஒருவன் தனியாக ரூமில் உட்கார்ந்து மெஷின்களை வைத்தே செய்ததாம். அப்போது சீந்துவாரில்லை. இப்போது மறுபடி போட்டிருக்கிறார்கள், கிடைப்பதே குதிரைக்கொம்பு என்றான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அப்போது படியில் டார்ச் வெளிச்சம். வீட்டுக்காரி. மூன்று நாளைக்குப் பிறகு வாய் திறந்தாள். "ஃபியூஸ் கட்டையைக் குடுங்க. கீழ கும்மிருட்டு. அடுப்ப அணைச்சிட்டு வந்திருக்கேன்."

பிடுங்கியவன்தான் போட வேண்டும் என்று நானே கீழே போய்ப் போட்டுவிட்டு ஏறி வந்தேன். அதற்குள் அந்தப் பெண் அவளுக்கு ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருந்தாள். பையன் தட்டின் கதையை அவளுக்கும் சொல்லிவிட்டு, முதலிலிருந்து ஓட விட்டான். நான் பழக்க தோஷத்தில் ஸ்க்ரூ டிரைவரை ஸ்பீக்கர் பெட்டி மேல் வைத்துப் பிடியைக் காதில் வைத்தேன்.

"அங்கிள், ஆராம் சே! மெதுவா! கீறிடும்!" என்று பதறினான்.

கேட்டேன். பல் கடிக்கவில்லை. உரசவில்லை. விடியற்காலையில், குவார்ட்டர்ஸ் முழுக்கத் தூங்கும்போது, மூன்று பம்பும் ஒரே சீராக ஓடுமே, அது மாதிரி இருந்தது. அந்த நேரத்தில்தான் நான் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடுவேன். பழுதாக ஓடினால் விழித்துக்கொள்வேன், நன்றாக ஓடினால் தூங்கிவிடுவேன். நன்றாக ஓடுகிற பம்பை ஒரு நாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை.

"என்ன பழுது?" என்றாள் வீட்டுக்காரி.

"ஒண்ணுமில்ல."

"அப்ப ஏன் இன்னும் கேக்கறீங்க?"

பிடியைக் காதிலிருந்து எடுத்தேன்.

"நான் பேசினாலும் இப்படித்தானே. எங்க பழுதுன்னு பாப்பீங்க. பழுது இல்லன்னா எழுந்து போயிடுவீங்க. அன்னிக்கு நான் அத்தன சிரிச்சேன், உங்களுக்கு பெல்ட்டுதான் கேட்டுச்சு."

(இதை எழுதும்போது, "நல்லா உறைக்கிற மாதிரி எழுதட்டுமா?" என்று கேட்டாள். எழுது என்றேன்.)

அவள் என்ன சொன்னாள் என்று அந்தப் பெண் கேட்க, பையன் ஹிந்தியில் சொன்னான். சொல்லிவிட்டு, குரலை இறக்கி, அவளிடம் வேறு என்னவோ சொன்னான். ஐம்பது வருஷத்துக்கு மேலாக டெல்லியில் இருக்கிறேன், அந்த ஹிந்தி புரியாதா? தட்டின் ஒரு பக்கம் முடியும்போது அவளிடம் தன் மனதைச் சொல்வதற்காக ஆறு மாதமாகச் சேர்த்து வைத்திருந்தானாம், நான் கட்டையைப் பிடுங்கிவிட்டேன். புரியாதவன் மாதிரி ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண், அப்படியா என்கிற மாதிரி, "அச்சா?" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அது நல்ல அச்சா.

படி இறங்கும்போது தைரியம் வந்தது. "நாளைக்குக் கடைசி நாள். படத்துல அவன் என்ன சொன்னான்னு பாத்துட்டு வரலாமா?"

இரண்டு படி இறங்கினாள். "மெஷின் பாட்டுக்காரன் நாப்பது வருஷம் காத்துக்கிட்டு இருந்திருக்கான். நான் அதுக்கு மேல அஞ்சு வருஷம். சரி, வரேன்."

"அப்ப பேரை என்னன்னு மாத்தறது?"

"அதிகம் பேசினா வரமாட்டேன்."

வியாழக்கிழமை கிளம்பும்போது வாசலில் நிற்க வைத்து, போலீஸ்காரன் மாதிரி என் பையெல்லாம் தடவிப் பார்த்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அலமாரியில் பூட்டினாள். தியேட்டரில் அதே சீட் வரிசை. பெல்ட் அதே கீச், கீச். கேட்டது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அது அறுந்து என் தலையில் விழுந்தாலும் நகர்வதில்லை என்று உட்கார்ந்தேன். கிளைமாக்ஸில் அவனுக்கு மரத்துப்போகிற ஊசி போட்டுவிடுகிறார்கள், வாய் அசையவில்லை. பிடுங்கிய மூன்று பல்லையும் பொட்டலமாகக் கட்டி அவள் கையில் கொடுக்கிறான். தியேட்டரே இடிந்தது. பக்கத்தில் வீட்டுக்காரி சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் மூக்கில் காற்று மட்டும் வந்தது. பிறகு இரண்டு விக்கல். அப்புறம்தான் சிரிப்பு. காற்றுப் போய்த் தண்ணீர் ஏறுகிற பம்ப் மாதிரி. நாற்பத்தைந்து வருஷமாகப் பக்கத்தில் இருந்தும் அவள் சிரிப்பு எப்படித் தொடங்கும் என்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

இப்போதும் அடுப்படியில் அவள் ஃபோனில் யாரோடோ சிரிக்கத் தொடங்கினால் நான் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நிற்கிறேன். பழுதில்லாமல் ஓடுவதையும் நின்று கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள எனக்கு எழுபத்திரண்டு வயது ஆகியிருக்கிறது.