கடைசி மூன்று மில்லிமீட்டர்

2019 ஜூன் 14, வெள்ளிக்கிழமை, காலை 10.20. இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. பாறசாலையில் என் கிளினிக் வாசலில் ஏழு நனைந்த குடைகள். எட்டாவது குடையோடு ஸ்டீபன் வந்தார். அம்பூரியில் ரப்பர் வெட்டுகிறவர். சபை பேண்டில் கார்னெட் ஊதுகிறவர். அவருடைய மேல்வரிசை முன்பல்லில் நான் வேர் சிகிச்சை தொடங்கி, இரண்டு முறை கழுவி மருந்து வைத்திருந்தேன். ஈறில் சீழ்க்கொப்புளம் மறுபடியும் எழும்பியிருந்தது.

"நெய்யாற்றின்கரையில ஒரு டாக்டர் பிடுங்கணும்ணு செல்லியாச்சு. பல்லு போச்செண்ணா கார்னெட்டை எங்க வச்சி ஊதுவேன் டாக்டரே? ஆகஸ்டில சபைப் பண்டிகை உண்டு."

நோட்டைப் புரட்டினேன். இரண்டு வருகை, பன்னிரண்டு சிரிஞ்ச், முப்பத்தாறு மில்லி ஹைப்போகுளோரைட். வேருக்குள் இருக்கும் கிருமியைக் கொல்லும் திரவம் அது. "பன்னிரண்டு சிரிஞ்ச் விட்டிருக்கேன். இதுக்கு மேல என்ன செய்ய?" என்று நோயாளியிடமே எரிந்து விழுந்தேன்.

நாற்காலியின் எதிர்ப்பக்கம் சரோஜம் நின்றிருந்தாள். என் மனைவி. நர்ஸாக இருந்தவள், அன்றைக்கு என் உதவியாளராக இருபத்தாறாவது வருடம்.

"வாளி வாளியா ஊத்தினாலும் அடி வரைக்கும் எறங்கணுமில்லியா? டிரிப் டியூப்ல காத்து நின்னா நாங்க விரலால சுண்டுவோம். இது அடி அடைஞ்ச குழாயாக்கும். காத்து எங்க போவும்?"

"ஒனக்குத்தான் எல்லாம் தெரியும்" என்றேன்.

அவள் பக்கத்து லேபுக்குப் போய் ரத்தம் எடுக்கும் மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்றை வாங்கிவந்தாள். மெழுகுவர்த்தியில் காட்டி ஒரு முனையை அடைத்தாள். சிவப்பு மையைச் சிரிஞ்சில் எடுத்து என் கையில் தந்தாள். ஊசியை உள்ளே விட்டு அழுத்தினேன். மை மேலே வழிந்தது. அடியில் மூன்று மில்லிமீட்டர் காற்று அசையாமல் நின்றது. இன்னொரு சிரிஞ்ச் விட்டேன். அப்போதும் நின்றது.

பல்லை நிரப்பப் பயன்படும் கட்டாபெர்ச்சா கோன் ஒன்றைக் குழாயில் இறக்கி மேலும் கீழும் அசைத்தேன். குமிழ் உடைந்து மேலே ஏறியது. மை அடியைத் தொட்டது.

முப்பத்துநான்கு வருடம் உள்ளே விட்டதை எண்ணியிருக்கிறேன். போய்ச் சேர்ந்ததை ஒரு தடவையும் எண்ணவில்லை. கோனை அசைக்கும் முறை எங்கள் படிப்பில் இருந்ததுதான்; நேரம் பிடிக்கும் என்று விட்டிருந்தேன்.

அன்றே ஸ்டீபனின் பல்லைத் திறந்தோம். திரவத்தை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துச் சூடாக்கினாள் சரோஜம். பக்கவாட்டில் துளையுள்ள ஊசி. வேர் நுனிக்கு இரண்டு மில்லிமீட்டர் முன்பே நிற்க வேண்டும். இறுகச் செருகக் கூடாது, மெதுவாக அழுத்த வேண்டும். நுனியைத் தாண்டித் திரவம் போனால் முகமே வீங்கிவிடும். பிறகு கோனை நிமிடத்துக்கு நூறு அசைவு.

முப்பத்தேழில் எனக்கு எண்ணிக்கை தவறியது. கை அசையும்போது என்னால் எண்ண முடியாது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அவள் எண்ணினாள். மலையாளப் பள்ளியில் படித்தவள். ஒந்நு, ரண்டு, மூந்நு என்றுதான் வரும். ஒவ்வொரு நூறுக்கும் புதுத் திரவம். மூன்று நூறு. கலங்கி வந்தது, கடைசியில் தெளிந்தது.

நான் அவர் வாயில் விரித்திருந்த மறைப்பை எடுத்ததும் ஸ்டீபன் கேட்டார்: "பல்லுக்குள்ள ஆட்டினது என்ன சாதனம் டாக்டரே?"

"ஒரு மரத்துப் பால்ல செய்யது."

"ரப்பர் வெட்டுறவனுக்க பல்லுல ரப்பரா! செல்லியிருந்தா பத்து கிலோ கொண்டு வந்திருப்பேனே."

ஒரு வாரத்தில் கொப்புளம் வற்றியது. ஜூலை 5 அன்று பல்லை நிரப்பினேன். ஆகஸ்டில் அவர் ஊதினார். முன்வரிசையில் நாங்கள் இருவரும் இருந்தோம்.

அதற்குப் பிறகு சரோஜம் எண்ணிய பற்கள் நானூற்றுப் பன்னிரண்டு. 2022இல் மஸ்கட்டில் மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. ஆறு மாதத்தில் வந்துவிடுவேன் என்று சரோஜம் போனாள். இது நாற்பதாவது மாதம்.

சென்ற மாதம் ஸ்டீபன் பக்கத்துப் பல்லோடு வந்தார். "சேச்சி இல்லியா? அப்ப ஆரு எண்ணுவா?"

மஸ்கட்டுக்கு அவளைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டுத் தட்டில் வைத்தேன்.

"நானில்லாம நூறு வரைக்கும் எண்ணத் தெரியாதாக்கும்?" என்று சிரித்தாள். எண்ணினாள். பின்னால் பேரன் அழுதுகொண்டிருந்தான். அறுபத்துமூன்றில் லைன் அறுந்தது. என் கை நின்றுவிட்டது. வாய் திறந்தபடி படுத்திருந்த ஸ்டீபன் இரு கைகளையும் தூக்கி, மீதி முப்பத்தேழை விரல் விரலாக நீட்டிக் காட்டினார்.

மாலையில் அவளே கூப்பிட்டாள். "நூறு ஆச்சா?"

"ஆச்சு."

எப்போது வருகிறாய் என்று கேட்க வாயெடுத்தேன். "கொச்சுப் பய அழுவுதான், வைக்கட்டா" என்றாள். நாற்பது நொடி பேசியிருந்தோம்.

இளம் மருத்துவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நோட்டில் எத்தனை மில்லி என்று மட்டும் எழுதி நிம்மதியாக இருக்காதீர்கள். கடைசி மூன்று மில்லிமீட்டரில் காற்று நிற்கிறதா என்று சந்தேகப்படுங்கள். எதிர்ப்பக்கம் நிற்பவர் சொல்வதைக் கேளுங்கள்.

இப்போது அல்ட்ராசோனிக் கருவி வாங்கிவிட்டேன். இருபது நொடி வீதம் மூன்று முறை. நுனி வரை திரவத்தை அதிரவைக்கிறது. வேலையில் குறை இல்லை. திரையில் எண்கள் சத்தமில்லாமல் இறங்கி, பூஜ்யத்தில் ஒரு பீப். அதைக் கேட்டதும் எதிர்ப்பக்கம் நிமிர்ந்து பார்க்கிறேன். விலை, வரியோடு சேர்த்து, பதினெட்டாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய்.